கடலில்லாத தொகுதியின் பிரதிநிதி

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு நிற்கும் பெரிய கப்பலொன்றைச் சிறு படகில் இருந்தபடி அண்ணாந்து பார்க்க வாய்த்தவர்கள், அதன் விலாவின் நடுவில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலாக, ஒரு வட்டமும் அந்த வட்டத்தைக் குறுக்கே ஊடுருவி இருபுறமும் நீண்டிருக்கும் ஒரு கோடும் தீட்டப்பட்டிருப்பதைக் கவனித்திருக்கலாம். வட்டத்தின் விட்டம் 12 அங்குலம். கோட்டின் நீளம் 18 அங்குலம். அகலம் 1 அங்குலம். மலைபோல நிற்கும் அந்த இரும்பு உடம்பில் இது யானையின் விலாவில் இட்ட சுண்ணாம்புப் பொட்டுக்குச் சமானம். வர்ணம் உதிர்ந்தாலும் குறி அழியக் கூடாது என்பதற்காகத் தகட்டின் மேலேயே அதை அழியாத வடுவாகப் பதித்து, அதன் பிறகே வர்ணம் பூசுவார்கள்.

பல வருஷங்களுக்கு முன் என்னைத் தம் தோணியில் ஏற்றிக்கொண்டு போன வயோதிகத் தண்டல் ஒருவரிடம் அது என்னவென்று கேட்டேன். “அந்தக் கோட்டுக்கு மேல தண்ணி ஏறப்படாது தம்பி. ஏறிச்சின்னா கப்பல வெளிய விடமாட்டாவ. நம்ம தோணிக்கு என் கண்ணுதான் கோடு. பெரிய கப்பலுக்குச் சட்டம்லா கோடு” என்றார். அந்தக் கோட்டுக்கு ஒரு மனிதரின் பெயர் வழங்குகிறது என்பதும், அவர் கப்பல் கட்டியவரோ கடலோடியோ அல்லர், இங்கிலாந்தின் பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்த ஒரு நிலக்கரி வியாபாரி என்பதும் பிற்பாடு புத்தகங்களின் மூலமாகத்தான் எனக்குத் தெரிய வந்தன. அவர் பெயர் சாமுவேல் பிளிம்சால். டெர்பி நகரத்தின் அங்கத்தினராக 1868 முதல் 1880 வரையில் காமன்ஸ் சபையில் இருந்தவர். டெர்பியோ தீவின் நடுமத்தியில், எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காண வெகுதூரம் போகவேண்டிய இடத்தில், அன்று ரயில்வே பட்டறைகளின் புகைக்கு நடுவே இருந்த ஊர். அங்கே கப்பலும் இல்லை, மாலுமியும் இல்லை. தமக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவருக்கேனும் நேரடியான ஆதாயம் தராத ஒரு காரியத்துக்காக இந்த மனிதர் தம் பொது வாழ்வு முழுவதையும் ஈடு வைத்தார் என்பதே அவர் சரித்திரத்தில் என்னை முதலில் நிறுத்தி யோசிக்க வைத்த விஷயம்.

அவர் 1824ஆம் வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தார். இளமை பென்ரித்திலும் ஷெபீல்டிலும் கழிந்தது. படிப்பைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு ஷெபீல்டில் ஒரு மதுபான வடிசாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, அதன் நிர்வாகியானார். பிறகு, சொந்தமாக வியாபாரம் செய்ய வேண்டும் என்ற ஆசை அவரை 1853இல் லண்டனுக்கு அழைத்துச் சென்றது. வடக்கேயுள்ள சுரங்கங்களின் கரியை ரயிலில் தலைநகருக்குக் கொண்டுவந்து விற்பது அவர் யோசனை. யோசனை நல்லதே, ஆனால் கையிருப்புப் போதவில்லை. கடன் மூழ்கடித்தது. சில காலம், ஏழைத் தொழிலாளர்கள் தலை சாய்க்கும் பொது விடுதியொன்றில், வாரத்துக்கு 8 ஷில்லிங்குக்கும் குறைவான காசில் உணவையும் படுக்கையையும் அடக்கிக்கொண்டு அவர் ஜீவித்தார். வேலை தேடி அலுத்துத் திரும்பி வருபவன், தன்னிலும் மோசமான நிலையில் இருக்கும் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுப்பதை அங்கேதான் பார்த்ததாகவும், உழைப்பாளிகளைக் குறித்துத் தாம் கொண்ட மதிப்பு அங்கே வேரூன்றியதாகவும் அவர் பின்னாளில் நன்றியோடு எழுதினார். பணக்காரர் ஒருவர் ஏழைகளைப் பரிதாபத்தோடு பார்ப்பது வேறு. அவர்களுடைய படுக்கையில் படுத்து எழுந்தவர் அவர்களைப் பற்றிப் பேசுவது வேறு. பிளிம்சாலின் பேச்சில் கடைசிவரை இருந்த உஷ்ணத்துக்குக் காரணம் இந்த இரண்டாவது வகை அறிவு என்றே நான் நினைக்கிறேன்.

வியாபாரம் பிறகு தலை தூக்கியது. ரயில் வண்டியிலிருந்து கரியைக் கொட்டும்போது கட்டிகள் நொறுங்கி விலை குறைந்துவிடாதபடி அவர் ஒரு சாதனத்தை வகுத்தார். லண்டனின் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தை அடுத்து அவர் பெயரிலேயே கரி இறக்கும் துறை ஒன்று அமைந்தது. செல்வம் சேர்ந்தது. டெர்பி தொகுதியில் லிபரல் கட்சியின் சார்பில் நின்று ஒருமுறை தோற்று, 1868இல் ஜயித்து, சபைக்குள் நுழைந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தின் கப்பல் வியாபாரம் உலகத்தையே வளைத்துக்கொண்டிருந்தது. அந்தச் செழிப்பின் அடியில் ஒரு பாதகம் மறைந்திருந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் தேவையில்லை. குளத்தில் ஒரு வெண்கலக் குடத்தை நிமிர்த்தி மிதக்கவிட்டு, அதற்குள் ஒவ்வொரு சேராகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாருங்கள். குடம் தாழும், ஆயினும் மிதக்கும். வாய் விளிம்பு நீரை நெருங்கும்போதுகூட அது மிதந்துகொண்டுதான் இருக்கும். அப்போது மறுகரையில் ஒருவர் இறங்கி முழுக்குப் போட்டு, அதனால் எழும் சிற்றலை ஒன்று வந்து தொட்டால் போதும், குடம் அடியில் கிடக்கும். கப்பலும் அப்படியே. மேல்தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெற்றிடந்தான் புயலுக்கு எதிராக அது சேமித்து வைத்திருக்கும் பலம். துறைமுகத்தின் அசையாத நீரில், கழுத்தளவு பாரத்தோடு நிற்கும் கப்பல் பார்வைக்குக் கம்பீரமாகவே இருக்கும். குளிர்கால அட்லாண்டிக் சமுத்திரத்தில் அதன் கதி வேறு.

அதிகம் ஏற்றினால் அதிகக் கூலி என்பது மட்டும் காரணமாக இருந்திருந்தால், கப்பலையே இழக்க நேருமே என்ற அச்சம் முதலாளியைத் தடுத்திருக்கும். இன்ஷூரன்ஸ் அந்த அச்சத்தைப் போக்கியது. உளுத்துப்போன கப்பலை அதன் கிரயத்துக்கும் மேலான தொகைக்கு இன்ஷூர் செய்ய முடிந்தது. கப்பல் கரை சேர்ந்தால் கூலி லாபம், மூழ்கினால் இன்ஷூரன்ஸ் லாபம். இழப்பீடு தருபவர்கள் விசாரிக்கமாட்டார்களா என்றால், லண்டனின் இன்ஷூரன்ஸ் சந்தையான லாயிட்ஸ் மண்டபத்தில் ஒரு கப்பலின் பொறுப்பைப் பல பேர் சிறுசிறு பங்குகளாகப் பிரித்து எடுத்துக்கொள்வது வழக்கம். ஒருவனுக்கு வரும் நஷ்டம் அற்பம். அதற்காக வக்கீல் வைத்து, சாக்ஷி தேடி, மோசடியை நிரூபிப்பதைவிடப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவதே அவனுக்குச் சுலபம். இவ்வாறு யாருக்குமே வலிக்காதபடி நஷ்டம் பரவலாகப் பங்கிடப்பட்டது. உயிர் மட்டும் மாலுமியின் முழுப் பங்கு.

மரக்கப்பல்களில் பலகைகளை இணைக்க நீண்ட செப்பு ஆணிகளை அடிப்பதுண்டு. சில கப்பல்களில் வெளியே தெரியும் கொண்டை மட்டும் இருக்கும், உள்ளே போகவேண்டிய தண்டு இராது. பரிசோதகர் வந்து வரிசை வரிசையாகப் பளபளக்கும் கொண்டைகளை எண்ணித் திருப்தியடைவார். கப்பல் தச்சர்கள் அவற்றுக்குப் ‘பிசாசு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இத்தகைய கப்பல்களுக்கு மாலுமிகளிடையே வழங்கிய பெயர் ‘சவப்பெட்டிக் கப்பல்’.

ஏறாமல் இருந்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மாலுமி, துறைமுகத்துக்கு வந்து கப்பலின் நிலையைக் கண்ணால் கண்டபிறகு ஏற மறுத்தால் அது குற்றம். மாஜிஸ்டிரேட் அவனை வாரக்கணக்கில் சிறைக்கு அனுப்புவார். 1870ஆம் வருஷத்தை அடுத்து வந்த இரண்டொரு வருஷங்களில் இவ்வாறு சிறை சென்ற மாலுமிகள் நூற்றுக்கணக்கானவர்கள். சிறைக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையே சுதந்திர நாட்டின் பிரஜையான அவனுக்கு மிஞ்சியிருந்தது. 1873-74 என்ற ஒரே ஆண்டில் பிரிட்டிஷ் கரையோரங்களில் மட்டும் 411 கப்பல்கள் மூழ்கின. 506 உயிர்கள் போயின. தூர சமுத்திரங்களில் சுவடில்லாமல் மறைந்தவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த அநியாயத்தை முதலில் கண்டறிந்தவர் பிளிம்சால் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூகாசில் நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்பவர், தாமே கப்பல் முதலாளியாக இருந்தும், பார எல்லையைச் சட்டத்தால் விதிக்க வேண்டுமென்று அவருக்கு முன்பே வாதாடிக்கொண்டிருந்தார். பிளிம்சால் அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு சபைக்குள் போனார். சபை அசையவில்லை. கப்பல் முதலாளிகளில் பலர் அந்தச் சபையிலேயே அங்கத்தினர்கள்; வர்த்தக சுதந்திரத்தில் அரசாங்கம் கை வைக்கலாகாது என்பது அக்காலத்தின் வேதவாக்கு.

சபை கேட்காவிட்டால் ஜனங்கள் கேட்கட்டும் என்று அவர் 1873இல் ‘நமது மாலுமிகள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகத்தை வெளியிட்டார். அது இலக்கண சுத்தமான நூல் அன்று. பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோல எழுதப்பட்டது. மூழ்கிய கப்பல்களின் கதையும், இன்ஷூரன்ஸின் ரகசியங்களும், ‘பிசாசு’ ஆணிகளின் விவரமும், தகப்பனில்லாமல் போன குடும்பங்களின் நிலையும் ஒன்றின் மேலொன்றாக அதில் வந்து விழுகின்றன. அவசரத்தில் பிழைகளும் புகுந்தன. நிரூபிக்க முடியாத சில குற்றச்சாட்டுகளையும் அவர் எழுதிவிட்டார்; அதற்காக மானநஷ்ட வழக்குகளையும் சந்தித்தார். அவர்மீது அபிமானம் கொண்ட நானும் அதைச் சரியென்று சொல்லமாட்டேன். ஒரு நிரபராதியைப் பழி தொட்டிருந்தால் அது பெரிய தவறுதான். ஆயினும் அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் தேசம் விழித்திருக்காது என்பதும் உண்மை. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. தெருப்பாட்டுகளில் அவர் பெயர் ஏறியது. அதே ஆண்டில் அபர்டீனில் கட்டப்பட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்வந்த அழகிய பாய்க்கப்பல் ஒன்று அவர் பெயரையே தாங்கியது. அரசாங்கம் ராயல் கமிஷன் ஒன்றை நியமித்தது. கமிஷன் விசாரித்து, எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தும் ஒரு பார எல்லையைச் சட்டத்தால் விதிப்பது இயலாத காரியம் என்று முடிவு கூறியது. 1874இல் அவர் தாமே கொண்டுவந்த மசோதா வெறும் 3 ஓட்டுகளில் தோற்றது.

மறுவருஷம் பிரதம மந்திரி டிஸ்ரேலியின் கன்சர்வேடிவ் அரசாங்கம் தானே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. பலவீனமான மசோதா, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று பிளிம்சால் காத்திருந்தார். 1875 ஜூலை 22ஆம் தேதி, கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், விவசாயக் குத்தகை சம்பந்தமான வேறொரு மசோதாவுக்கு நேரம் தேவைப்படுவதால் கப்பல் மசோதா இவ்வருஷம் கைவிடப்படுகிறது என்று டிஸ்ரேலி எழுந்து அறிவித்தார். சபைக்கு அது நிகழ்ச்சி நிரலில் ஒரு சிறு மாறுதல். பிளிம்சாலுக்கோ, இலையுதிர்காலம் பிறந்து, புயல்கள் தொடங்கி, அடுத்த கூட்டத்தொடர் வருவதற்குள் கடலுக்குப் போகவிருக்கும் மனிதர்களின் பெயர்ப்பட்டியலில் யாரோ கை வைப்பதுபோல இருந்திருக்க வேண்டும்.

அவர் எழுந்தார். ஆயிரக்கணக்கான உயிர்களை மரணத்துக்கு அனுப்பாதீர்கள் என்று மன்றாடினார். பிறகு, அதே சபையில் அங்கத்தினராக இருந்த ஒரு கப்பல் முதலாளியின் பெயரைச் சொல்லி, அவருடைய கப்பல்கள் ஆட்களோடு அழிந்ததைப் பற்றிக் கேள்வி கேட்கப் போவதாக அறிவித்து, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் அயோக்கியர்களின் முகமூடியைக் கிழிப்பது என்று தீர்மானித்துவிட்டதாக முழங்கினார். சபாநாயகர் குறுக்கிட்டு, அந்தச் சொல் இச்சபையின் அங்கத்தினரைக் குறித்ததா என்று கேட்டார். ஆமென்றார் பிளிம்சால். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி சபாநாயகர் சொன்னார். மறுத்தார். தம் ஆசனத்தில் நிற்காமல் சபையின் நடுத்தளத்துக்கு வந்து, முஷ்டியை மடக்கி ஆட்டினார். சபை இத்தகைய காட்சியைக் கண்டு பழகியதன்று. மாதர்களுக்குரிய மாடத்தில் அவருடைய மனைவி எலைசா இருந்தார். கணவரின் வேலையில் ஆரம்பம் முதலே தோள் கொடுத்தவர் அந்த அம்மையார். பிளிம்சாலின் ஆக்ஷேபம் முன்னமேயே அச்சடிக்கப்பட்டிருந்தது. அதன் பிரதிகளை எலைசா மாடத்திலிருந்து கீழே வீசினார் என்று சொல்கிறார்கள். அன்றைய கோபம் முழுவதும் திடீரென்று பொங்கியதல்ல என்பதற்கு அந்த அச்சுத்தாள்களே சாக்ஷி. ஆனால் அதற்காக அந்தக் கோபத்தின் சத்தியம் குறைந்துவிடுமென்று எனக்குத் தோன்றவில்லை. பல வருஷங்களாக நெஞ்சில் மூட்டிவைத்த நெருப்பு எழுதி வைத்தாலும் சுடத்தான் செய்யும்.

அவரைக் கண்டிக்க வேண்டுமென்று டிஸ்ரேலி பிரேரணை கொண்டுவந்தார். மனம் உடைந்திருக்கும் மனிதரிடம் சபை பொறுமை காட்டட்டும் என்று சிலர் பரிந்து பேசியதன்மேல், யோசித்துப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் கொடுக்கப்பட்டது. 29ஆம் தேதி பிளிம்சால் வந்து, சபையின் மரபை மீறிய சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டார். தாம் கூறிய உண்மைகளில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அதற்குள் அந்த ஒரு வாரத்தில் தேசமே அவர் பக்கம் திரும்பிவிட்டது. பத்திரிகைகள் எழுதின, துறைமுகப் பட்டணங்களில் கூட்டங்கள் கூடின, மந்திரிசபைக்கு மனுக்கள் குவிந்தன. நேரமில்லை என்று சொன்ன அரசாங்கமே நேரம் கண்டுபிடித்தது. அந்தக் கோடையிலேயே ஒரு வருஷத்துக்கான தற்காலிகச் சட்டம் நிறைவேறியது. 1876இல் வணிகக் கப்பல் சட்டம் வந்தது. சபை ஒழுங்கைக் காத்து ஏழு வருஷம் பேசியவர் அதனால் பெறாததை, ஒழுங்கை ஒரு மாலை மீறிப் பெற்றார்.

பெற்றது முழுமையானதன்று. கப்பலின் விலாவில் வட்டமும் கோடும் கட்டாயம் என்று சட்டம் விதித்தது. ஆனால் அதை எவ்வளவு உயரத்தில் தீட்டுவது என்பதை முதலாளியின் இஷ்டத்துக்கே விட்டுவிட்டது! வேல்ஸில் கார்டிப் துறைமுகத்தில் ஒரு கப்பல் தலைவன் புகைபோக்கியின் மேல் கோட்டைத் தீட்டினான் என்று ஒரு கதை இன்றும் வழங்கி வருகிறது. கதையோ நிஜமோ, சட்டம் அதைத் தடுக்கவில்லை என்பது நிஜம். கோட்டின் இடத்தைச் சரியாகக் கணக்கிடும் வேலை பொறியியல் அறிந்தவர்களுக்கு விடப்பட்டது. கப்பல்களைப் பரிசோதித்துத் தரம் பிரிக்கும் ஸ்தாபனமான லாயிட்ஸ் ரிஜிஸ்டரின் தலைமைப் பரிசோதகர் பெஞ்சமின் மார்ட்டெல் பல கப்பல்களின் நீளம், ஆழம், உருவம் முதலியவற்றை ஆராய்ந்து, இன்ன கப்பலுக்கு இன்ன அளவு என்று அட்டவணைகள் வகுத்தார். இயலாது என்று கமிஷன் சொன்ன காரியம் இவ்வாறு கணக்கில் வசப்பட்டது. 1890ஆம் வருஷச் சட்டம் கோட்டின் உயரத்தை முதலாளியின் கையிலிருந்து எடுத்து அரசாங்கத்தின் கையில் வைத்தது.

இன்று வட்டத்துக்கு அருகே ஏணிபோல இருக்கும் சிறு கோடுகளில் ஒரு பெரிய பூகோள சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. வெப்பப் பிரதேசக் கடலுக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, மிகக் குறைந்த பாரத்தையே அனுமதிக்கும் கோடு, குளிர்கால வட அட்லாண்டிக்கில் போகும் சிறிய கப்பல்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது வெப்பப் பிரதேசத்து நன்னீருக்கு. ஏனென்றால் ஆற்று நீரைவிடக் கடல் நீர் கனமானது, ஆற்றுத் துறையில் சற்று அதிகமாக அமிழ்ந்து நிற்கும் கப்பல் உப்புநீரை அடைந்ததும் தானே மேலெழும்பிவிடும். வட்டத்தின் இரு பக்கமும் உள்ள எழுத்துகள் கோட்டுக்குப் பொறுப்பேற்ற ஸ்தாபனத்தின் அடையாளம். ‘ஐ’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகளைக் கண்டால் அது நம் நாட்டு இந்தியன் ரிஜிஸ்டர் பரிசோதித்த கப்பல். இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர்கள் தேகப்பயிற்சிக்கு அணிந்த ரப்பர் அடி கொண்ட கித்தான் ஜோட்டுக்கும் ‘பிளிம்சால்’ என்றே பெயர் வந்தது. அடியைச் சுற்றிய ரப்பர் பட்டை கப்பல் கோட்டை நினைவூட்டியதாம்.

1880 தேர்தலில் டெர்பி ஜனங்கள் அவரைப் பெரும் ஆதரவோடு மறுபடியும் அனுப்பினார்கள். அவரோ அந்த ஆசனத்தைத் துறந்தார். லிபரல் அரசாங்கத்தில் உள்நாட்டு மந்திரியான வில்லியம் ஹார்கோர்ட், பதவி ஏற்றதை அடுத்து நடந்த உபதேர்தலில் ஆக்ஸ்போர்டில் தோற்று, தொகுதியில்லாமல் நின்றார். மந்திரியாக இருப்பவர் மாலுமிகளுக்குத் தம்மைவிட அதிகம் செய்யக்கூடும் என்று நம்பிப் பிளிம்சால் டெர்பியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். வேறு சுமார் 30 தொகுதிகள் அவரை அழைத்தன, அவர் போகவில்லை. பிறகு கட்சித் தலைவர்கள் மாலுமிகளை மறந்துவிட்டார்கள் என்ற வருத்தம் அவருக்கு ஏற்பட்டு, அவர்களிடமிருந்து விலகினார். பதவியை ஒரு கருவியாக மட்டுமே எண்ணியவரால்தான், வேறு கையில் அது நன்றாக வேலை செய்யுமென்று தோன்றியவுடன் அவ்வாறு எடுத்துக் கொடுக்க முடியும். அந்தக் கை அவரை ஏமாற்றியது என்பது வேறு விஷயம்.

சபைக்கு வெளியே அவர் சும்மா இருக்கவில்லை. மாலுமிகளும் கப்பலில் கரி தள்ளுபவர்களும் சேர்ந்து அமைத்த சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அட்லாண்டிக்கைக் கடந்து உயிரோடு கொண்டுவரப்படும் மாடுகள் கப்பல்களில் படும் சித்திரவதையை 1890இல் ஒரு பிரசுரத்தில் எழுதினார். வாயுள்ள மாலுமிக்காகப் பேசியவருக்கு வாயில்லாத ஜீவன் அடுத்தபடியாகக் கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை.

பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் அந்நிய நாட்டுக் கப்பல்களையும் கோட்டுக்குக் கட்டுப்படுத்தியது 1906ஆம் வருஷச் சட்டம். 1930இல் பல தேசங்கள் கூடி லண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையும், அதன்பின் 1966இல் செய்த உடன்படிக்கையும் அதை உலகப் பொதுவாக்கின. இவற்றை அவர் காணவில்லை. தேம்ஸ் நதிக்கரையில் மாலுமிகள் சங்கம் 1929இல் எழுப்பிய அவருடைய மார்பளவுச் சிலையில், எல்லா நாட்டுக் கடலோடிகளுக்கும் அவர் செய்த ஊழியத்துக்கு நன்றியாக வைக்கப்பட்டது என்று பொறித்திருக்கிறது.

கடைசிக் காலத்தை அவர் போக்ஸ்டனில் கழித்தார். டெர்பிபோல அது கடல் காணாத ஊர் அன்று. டோவர் ஜலசந்தியைப் பார்த்தபடி இருக்கும் ஊர். லண்டனுக்குத் தெற்கேயிருந்து வரும் கப்பலும், அங்கிருந்து கீழ்த்திசைக்குப் புறப்படும் கப்பலும் அந்தக் கரையைத் தாண்டித்தான் போகவேண்டும். 1890க்குப் பிறகு அவ்வழியே போன பிரிட்டிஷ் கப்பல்களின் விலாவில் இருந்த கோடு, முதலாளி வைத்த இடத்தில் அல்ல, சட்டம் வைத்த இடத்தில் இருந்தது. 1898 ஜூன் 3ஆம் தேதி அவர் அங்கே காலமானார். ஊரை ஒட்டிய செரிட்டன் என்னுமிடத்தில், புனித மார்ட்டின் ஆலயத்தின் மயானத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.